இரும்புச் சட்டை போட்ட பாணன்

சுகர், பிரஷர் கேள்விகளுக்கெல்லாம் நாளைக்குப் பதில் சொல்றேன். இன்னிக்கு மருந்து மாத்திரை இல்லாத ஒரு நீளமான த்ரெட். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுல கனமான கவசம் போட்டு முன்வரிசையில நிற்கும் ஒரு பாணனை எப்படி உருவாக்குவது, ஏன் உருவாக்கணும்னு. விளையாட்டே தெரியாதவங்களும் படிக்கலாம், புரியற மாதிரிதான் எழுதறேன்.

ஒரு மேஜை, நாலைஞ்சு பேர், பகடைகள். ஒருத்தர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்"னு சொன்னா, 20 முகப் பகடையை உருட்டணும். உடையுமா இல்லையான்னு பகடை சொல்லும். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய விளையாட்டு. நாங்க அஞ்சு பேர் ஞாயிறு ராத்திரி ஆன்லைன்ல ஆடறோம். 2014 பதிப்பு விதிகள். 2024ல் புதுசு வந்துடுச்சு, ஆனா எங்க டன்ஜன் மாஸ்டர் பழைய புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்.

இதுல பார்ட் என்று ஒரு வகுப்பு உண்டு. பாட்டால் மந்திரம் செய்பவன். நமக்குப் பாணர், பொருநர், விறலியர்னு பெயர்கள் பழக்கம் என்பதால் நான் பாணன்னே சொல்றேன். இந்த விளையாட்டுல பாணன்னா எல்லார் மனசுலயும் ஒரே படம்தான்: தோல் சட்டை, கையில் யாழ், வரிசையின் கடைசியில் நின்னு "அடி, விடாதே"ன்னு கத்துறவன். எந்த அடியும் அவன் மேல படாது. படக்கூடாது, ஏன்னா அவன் தாங்க மாட்டான்.

அப்போ அடி யார் மேல படும்? முன்னாடி தனியா நிற்கிற ஃபைட்டர் மேல.

எங்க குழுவுல அந்த ஃபைட்டர் என் நண்பன். நிஜத்துல ஐ.சி.யூ. டாக்டர். நாலு மாசம் ஒவ்வொரு சண்டையிலயும் அவனைச் சுத்தி மூணு எதிரி. விழுவான். பின்னாடியிருந்து யாராவது ஹீலிங் வேர்ட் மந்திரம் போட்டு எழுப்புவோம். அஞ்சு ஹிட் பாயிண்ட்டோட எழுவான், அடுத்த அடியில மறுபடி விழுவான். ஒருநாள் ஆட்டம் முடிஞ்சதும் சாதாரணமாத்தான் சொன்னான்: "டேய், ட்யூட்டியிலயும் இதேதான், இங்கயும் இதேதான். நான் கொஞ்ச நாள் வரல." கோபமெல்லாம் இல்ல, களைப்பு. அதுதான் எனக்கு உறுத்துச்சு. அந்த வாரம் என் பழைய மந்திரவாதியை ஊருக்கு அனுப்பிட்டு, அவன் பக்கத்துல நிற்கக்கூடிய ஒரு ஆளைக் கட்ட உட்கார்ந்தேன். இன்னும் ரெண்டு வாரம் வந்து பார்னு அவன்கிட்ட கேட்டு வாங்கினேன்.

கணக்கு முதல்ல. எதிரி ஓர் ஓர்க் என்று வச்சுக்கோங்க, கோடாலியோட வர்றவன். அவன் பகடையில விழுந்த எண்ணோட 5 சேரும். தோல் சட்டை போட்ட சுறுசுறுப்பான பாணனோட கவச எண் 14. ஓர்க் 9 அல்லது அதுக்கு மேல உருட்டினா போதும், 60 சதவீதம் அடி விழும். சங்கிலிக் கவசம் 16, கேடயம் 2, டிஃபென்ஸ் என்ற சண்டைப் பயிற்சிக்கு 1, மொத்தம் 19 என்றால் 35 சதவீதம். முழு பிளேட் கவசம் கிடைச்சு 21 ஆனா வெறும் 25. பாட்டு அதே பாட்டுதான்.

சிக்கல் என்னன்னா, பாணனுக்கு கனமான கவசம் போடத் தெரியாது. பயிற்சி இல்லாம மாட்டினா மந்திரமே போட முடியாது. அதனால முதல் லெவலை ஃபைட்டரா தொடங்கணும், ரெண்டாவது லெவல்லேருந்து பாணன். இந்த வரிசை ரொம்ப முக்கியம். பாணனாத் தொடங்கி நடுவுல ஃபைட்டர் ஆனா, விதிப்படி கனமான கவசப் பயிற்சி கிடைக்காது. கேடயமும் நடுத்தரக் கவசமும்தான். புதுசா ஆடறவங்க மாட்டிக்கிற இடம் இது.

இன்னொரு லாபமும் இருக்கு. ஃபைட்டரா பிறந்தவனுக்கு கான்ஸ்டிட்யூஷன், அதாவது உடல் தாங்குதிறன், அதுல தேர்ச்சி கிடைக்கும். சில மந்திரங்களை மனசு ஒருமுகப்பட்டுப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அடி பட்டா, பிடி நழுவுதான்னு ஒரு பகடை. சாதாரண அடிக்கு 10 எடுத்தா போதும். தாங்குதிறன் 14 உள்ள வழக்கமான பாணன் இதுல 35 சதவீதம் கோட்டை விடுவான். நம்ம ஆள் அஞ்சாம் லெவல்ல வார் காஸ்டர் என்ற திறனும் எடுத்துட்டா, நூற்றுக்கு ரெண்டு தடவைதான் நழுவும். அடி வாங்கிக்கிட்டே கை நடுங்காம வேலை பார்க்கிறது. கேஷுவாலிட்டியில நல்ல ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தரைப் பார்த்திருந்தா இது என்னன்னு உங்களுக்குப் புரியும்.

எண்கள் வேணும்னு கேட்பவங்களுக்கு: 27 புள்ளி முறை, மாற்று விதி மனிதன். வலிமை 14, தாங்குதிறன் 15, கரிஷ்மா 15, சுறுசுறுப்பு 10, மத்த ரெண்டும் 8. மனிதனுக்குக் கிடைக்கிற ரெண்டு புள்ளியை தாங்குதிறனுக்கும் கரிஷ்மாவுக்கும் போட்டா ரெண்டும் 16. கூட வர்ற திறனா ஹெவி ஆர்மர் மாஸ்டர் எடுங்க. அது வலிமையை 15 ஆக்கும், பிளேட் கவசத்தை வேகம் குறையாம சுமக்க சரியா அதுதான் தேவை. சாதாரண வாள், அம்பு, கோடாலி அடி ஒவ்வொண்ணுலயும் 3 குறைக்கவும் செய்யும். புத்தி 8, விவேகம் 8. ஆமா, நம்ம ஆள் கொஞ்சம் மண்டு. தைரியமா முன்னாடி போறவன் அப்படித்தான் இருப்பான்னு எங்க குழுவுல ஒரு கருத்து.

பாணன் மூணாம் லெவல்ல ஒரு கல்லூரி தேர்ந்தெடுக்கணும். கெட்டிக்காரங்க எல்லாரும் லோர் எடுக்கச் சொல்வாங்க. எனக்கு வேலர்தான். ஊக்கம் கொடுக்கிறது எல்லாப் பாணனும் செய்யறது: நண்பனுக்கு ஒரு பகடை இரவல். வேலர் பாணன் கொடுத்தா, அந்தப் பகடையை நண்பன் தன் கவச எண்ணோட கூட்டி, விழப்போற அடியைத் தடுக்கலாம். என் நண்பனுக்கு அதுதானே தேவை.

நஷ்டமும் சொல்லிடறேன். பெரிய மந்திரங்கள் எல்லாமே ஒரு லெவல் தாமதம். மறைஞ்சு போறது மறந்துடுங்க, கவசம் கலகலன்னு ஊரையே எழுப்பும். பிளேட் கவசம் 1500 பொன். ஒரு கையில வாள், இன்னொரு கையில கேடயம், அப்புறம் மந்திரத்துக்குக் கையசைக்க கை ஏது? வார் காஸ்டர் வரும்வரை வாயால மட்டும் சொல்ற மந்திரங்கள்தான். நல்லவேளை, பாணனோட நல்ல சரக்கெல்லாம் வாய்தான்: ஹீலிங் வேர்ட், எதிரியைத் திட்டியே தடுமாற வைக்கிற விஷியஸ் மாக்கரி, காதுல கோரமா கிசுகிசுத்து ஓட வைக்கிற டிஸனன்ட் விஸ்பர்ஸ்.

கவசம் மாட்ட 10 நிமிஷம், கழற்ற 5 நிமிஷம் என்பது விளையாட்டு விதி. கோவிட் காலத்துல பி.பி.இ. போட்டவங்க இதைப் படிச்சா சிரிப்பாங்க. எங்களுக்கு மாட்டறதைவிட கழற்றறதுதான் ஆபத்தான வேலை.

"பாணன் எங்கேயாவது முன்வரிசையில நிற்பானா, இது நம்பற மாதிரி இல்லையே"ன்னு குழுவுல ஒருத்தர் கேட்டார். நின்றிருக்கிறார்கள். 1066ல் ஹேஸ்டிங்ஸ் போரில் டாயஃபேர் என்ற பாடகன் நார்மன் படைக்கு முன்னால் வாளைச் சுழற்றிக்கொண்டு போனதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. அது கதையாகக்கூட இருக்கலாம், விடுங்க. 1915 செப்டம்பர் 25, பிரான்ஸில் லூஸ். விஷவாயுவில் திணறிப் பதுங்குகுழிக்குள் ஒடுங்கிய வீரர்களுக்காக டேனியல் லெய்ட்லா என்ற பைப் வாசிப்பாளர் குழியின் மேலேறி, குண்டுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பேக்பைப் வாசித்தார். படை எழுந்து போனது. காயம் பட்டும் வாசித்தார். விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். 1944 ஜூன் 6, நார்மண்டியின் ஸ்வோர்ட் கடற்கரையில் பில் மில்லினுக்கு வயது 21. கையில் துப்பாக்கி கிடையாது, பேக்பைப் மட்டும். பிடிபட்ட ஜெர்மன்காரர்கள், "பைத்தியம்னு நினைச்சு சுடல"ன்னு சொன்னதாக மில்லின் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதைவிடப் பிடிச்ச விஷயம் வேற. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் பேண்ட் வாசிப்பவர்களுக்குப் போர் வந்தால் இன்னொரு வேலை இருந்தது: ஸ்ட்ரெச்சர் தூக்குவது. அணிவகுப்பில் டிரம் அடித்த அதே ஆள், சண்டை நடக்கும்போது இசைக்கருவியை வைத்துவிட்டு, விழுந்தவனைத் தேடி முன்னால் போவான். பாட்டுக்காரனும் வைத்தியம் பார்க்கிறவனும் ஒரே ஆள், நிற்கிற இடமும் முன்வரிசை. இந்த விளையாட்டிலும்கூட 1978 விதிப்புத்தகத்தில் பாணன் ஆகணும்னா முதலில் போர்வீரனா இருக்கணும், பிறகு திருடன், அப்புறம்தான் ட்ரூயிடுகளிடம் பாடம். 

சரி, கட்டிய ஆள் வேலை செஞ்சானா? நாலாம் லெவல், கவச எண் 19. ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்துல ஒரு கல் பாலம். நண்பன் முன்னாடி, நான் ஒட்டிப் பின்னாடி, எதிர்ப்பக்கம் வரிசையா ஓர்க்குகள். மூணாவது சுற்றில் அவன் விழுந்தான். ஹிட் பாயிண்ட் பூஜ்யமானவன் தன் முறை வரும்போது சாவுப் பகடை உருட்டணும். மூணு வெற்றின்னா பிழைப்பான், மூணு தோல்வின்னா செத்தான். முதல் பகடை 4. ஒரு தோல்வி. இன்னொரு விதி: மயங்கிக் கிடக்கிறவனை எதிரி பக்கத்துல நின்னு வெட்டினா ரெண்டு தோல்வி சேரும். ஓர்க் பக்கத்துலதான் நிற்கிறான். கணக்கு உங்களுக்கே புரியும்.

என் முறை. ஹீலிங் வேர்ட் போட்டா உடனே எழுப்பலாம். ஆனா எழறவன் ஓர்க் காலடியில, படுத்த நிலையில, அஞ்சாறு பாயிண்ட்டோட. அவனை வரவிடாம செஞ்ச அதே கதை. கிசுகிசு மந்திரத்தையும் சேர்த்துப் போட விதி விடாது, ஒரே சுற்றில் ரெண்டும் கூடாது. மத்தவங்க எல்லாரும் "எழுப்பு, எழுப்பு"ன்னு மைக்ல கத்தறாங்க. அவன் மட்டும் பேசல.

முதலுதவி வகுப்புல நாங்க சொல்லிக் கொடுக்கிற முதல் வரி மூச்சைப் பாருன்னு இல்ல. அந்த இடத்துல ஆபத்து இருக்கா பாருன்னுதான். ரோட்டுல அடிபட்டவரைத் தொடறதுக்கு முன்னாடி வண்டிகளை நிறுத்தணும். நான் கிசுகிசுவைப் போட்டேன். ஓர்க்குக்கு விவேகப் பகடை தப்பிச்சு, தன் ஆட்களுக்குள்ளயே புகுந்து பின்னால ஓடினான். காலியான இடத்துக்கு, விழுந்து கிடந்தவனைத் தாண்டி நான் போய் நின்னேன். பாலத்தின் அகலத்துக்கு நான்தான் கதவு.

அடுத்த ஓர்க்கின் கோடாலி: 12. படல. ரெண்டு ஈட்டி: ஒண்ணு பட்டுச்சு, கவசத்துல 3 போச்சு. நண்பன் சாவுப் பகடை உருட்டினான், 13, ஒரு வெற்றி. என் முறை, இப்போ ஹீலிங் வேர்ட். நாலு முகப் பகடையில 3, கரிஷ்மாவுக்கு 3, மொத்தம் ஆறு பாயிண்ட். எழுந்தான். சுத்திலும் எதிரி யாரும் இல்ல, எதிர்ல என் முதுகு மட்டும்தான். "டேய், எனக்கு முன்னாடி ஆள் இருக்கு"ன்னு சொல்லிட்டு என் தோளுக்கு மேல ஈட்டி வீசினான்.

கேட்டு வாங்கின ரெண்டு வாரம் எப்பவோ முடிஞ்சுடுச்சு. அவன் இன்னும் வர்றான். ட்யூட்டி இருந்தா பிரேக்ல போன்ல வந்து பகடை உருட்டிட்டுப் போறான்.

கட்டிப் பார்க்க ஆசைப்படறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. இசைக்கருவியா டிரம் எடுங்க, 6 பொன்தான், இடுப்புல தொங்கவிடலாம். பேக்பைப் 30 பொன். மில்லினுக்காக நான் அதைத்தான் எடுத்தேன், அதனால பிளேட் கவசத்துக்கு இன்னும் 600 பொன் பாக்கி இருக்கு. நண்பன் 200 கடன் தரேன்னு சொல்லியிருக்கான், வட்டியோட.