பாடலில் பிறந்த உலகு

படைப்பைப் பற்றிய வரலாறு நமக்குப் புதிதன்று. கடவுள் சொல்ல உலகு உண்டானதைத் தொடக்க நூலின் முதல் அதிகாரத்திலிருந்து சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தோம். குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் அதனைப் பாபிலோனியரின் படைப்புக் கதையோடு ஒப்பிட்டுக் கற்றோம். அக்கதையில் மர்தூக்கு என்னும் தெய்வம் தியாமாத்து என்னும் கடல் அன்னையைக் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக விரிக்கின்றது. அது போரில் பிறந்த உலகு, நம்முடையது சொல்லில் பிறந்த உலகு என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். படைப்பைப் பற்றி அறிய வேண்டியதை அறிந்துவிட்டதாகவே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், நம் பங்கின் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்து வந்த இளைஞர் ஒருவர், வேலைக்காக வெளியூர் செல்லுமுன் தடித்த ஆங்கில நூல் ஒன்றை நம்மிடம் கொடுத்தார். "சாமி, முதல் பகுதியை மட்டுமாவது படியுங்கள். அதிலே உலகம் பாட்டிலிருந்து பிறக்கிறது" என்றார். நூலின் பெயர் 'சில்மரில்லியன்'. எழுதியவர் 'தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்' என்னும் நெடுங்கதையால் உலகறிந்த ஜே.ஆர்.ஆர். டோல்கீன். நாம் புன்னகையோடு வாங்கிக்கொண்டோம். உள்ளத்தில் சற்று எரிச்சலே இருந்தது. இல்லாத உலகு ஒன்றுக்கு ஒரு மனிதர் உட்கார்ந்து படைப்பு வரலாறு எழுதுவதா? நூல் ஓராண்டு அலமாரியில் கிடந்தது.

அதைக் கையில் எடுக்க வைத்தது ஆசிரியரின் வாழ்க்கை. டோல்கீன் 1892-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாய் மேபல் 1900-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினரின் ஆதரவை இழந்து வறுமையுற்றார். 1904-இல் நீரிழிவு நோயால் இறந்தார். பன்னிரண்டு வயதில் அனாதையான சிறுவனையும் அவன் தம்பியையும் வளர்க்கும் பொறுப்பை ஏற்றவர் அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன். புனித ஜான் ஹென்றி நியூமன் நிறுவிய பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த குரு அவர். தம் தாய் விசுவாசத்திற்காக உயிர் ஈந்தவர் என்றே டோல்கீன் இறுதிவரை கருதினார். 1916-இல் பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் நின்றார். பள்ளிக் காலத்திலிருந்து இணைபிரியாத நண்பர் நால்வருள் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர். போர் முடிந்து, ஆக்ஸ்போர்டில் பெரிய ஆங்கில அகராதியின் பணியாளராக இருந்த நாள்களில், அவர் எழுதியதே இந்தப் படைப்புக் கதையின் முதல் வடிவம். வாழ்நாள் முழுதும் அதைத் திருத்தி வந்தார். அவர் 1973-இல் இறந்த பின், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-இல் வெளியிட்டார்.

இனிக் கதைக்கு வருவோம். தொடக்கத்தில் ஏரு என்னும் ஒருவரே இருக்கின்றார். அவருக்கு இலூவதார் என்றும் பெயர். அவர் தம் சிந்தனையிலிருந்து ஐனூர் என்னும் தூயவர்களைத் தோற்றுவிக்கின்றார். நாம் வானதூதர் என்போமே, அத்தகையோர். அவர்களுக்கு ஓர் இசைக்கருவைக் கொடுத்து, அதை அவரவர் தம் திறத்தால் அழகுபடுத்திச் சேர்ந்து பாடுமாறு பணிக்கின்றார். அவர்கள் பாடுகின்றனர், வெறுமை நிறைகின்றது. யோபு நூலிலும், மண்ணுலகின் அடித்தளம் இடப்பட்டபோது விண்மீன்கள் பாடியதாகக் கடவுளே நினைவூட்டும் இடம் உண்டு அன்றோ?

ஐனூருள் மிகுந்த வரம் பெற்றவன் மெல்கோர். உயிரளிக்கும் அழியாத் தழலைத் தனக்கென அடைய விரும்பி வெறுமையில் தனியே தேடி அலைந்தவன். அது இலூவதாரிடமே உள்ளது. ஆகவே அவன் காணவில்லை. பாடலின் நடுவே அவன் தன் எண்ணங்களைப் பின்னுகின்றான். அருகில் நின்றோர் தடுமாறுகின்றனர், சிலர் அவன் குரலோடு சேர்கின்றனர், இசை கலவரமாகின்றது. இலூவதார் இரண்டாம் கருவை எழுப்புகின்றார். அதையும் மெல்கோர் மூழ்கடிக்கின்றான். மூன்றாம் கரு எழுகின்றது. முதலில் மெலிந்த ஓசையாய்த் தொடங்கும் அதை அமிழ்த்த முடியவில்லை. அதில் அளவிலாத் துயரம் கலந்திருக்கின்றது. அதன் அழகே பெரும்பாலும் அத்துயரத்திலிருந்து வருகின்றது. மெல்கோரின் இசையோ உரத்து, ஒன்றையே திரும்பத் திரும்ப முழக்குகின்றது. அதன் வெற்றி முழக்கங்களையும் மூன்றாம் கரு எடுத்துத் தன்னுள் இழைத்துக்கொள்கின்றது. நாம் வியந்தது, பாட்டைக் கெடுத்தவனின் வாயை இலூவதார் அடைக்கவில்லை என்பதையே.

நம் பழைய எரிச்சலுக்கும் அந்நூலிலேயே விடை இருந்தது. ஐனூருள் ஒருவரான ஔலே கைவினைஞர். மாந்தர் தோன்றும் காலம் வரை பொறுக்கமாட்டாமல், மறைவில் தாமே குள்ளர் இனத்தை உருவாக்குகின்றார். இலூவதார் கடிந்துகொள்ள, ஔலே அழுதுகொண்டே அவர்களை நொறுக்கச் சம்மட்டியை ஓங்குகின்றார். குள்ளர்கள் அஞ்சிக் குறுகி இரக்கம் வேண்டுகின்றனர். இலூவதார் அவர்களை ஏற்று உயிர் தந்துவிட்டார் என்பதை ஔலே அப்போதுதான் அறிகின்றார். ஈசாக்கின் மேல் ஓங்கிய கத்தி நம் நினைவுக்கு வந்தது. மெல்கோரும் ஔலேயும் புதிதாய் ஒன்றை உருவாக்க விழைந்தவர்களே. ஒருவன் தனக்கென வைத்துக்கொள்ள விரும்பினான், மற்றவர் கொடுத்துவிட்டார். படைத்தவரின் சாயலில் படைக்கப்பட்டதால்தான் மனிதனும் உருவாக்குகின்றான் என்பது, டோல்கீன் 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையின் கருத்து. ஆக, இக்கதை தொடக்க நூலுக்குப் போட்டியாக எழுந்ததன்று. ஔலே தம் வேலையைக் கொடுத்தது போன்ற காணிக்கையே.

இவ்வளவில் நின்றிருந்தால் நலமாயிருந்திருக்கும். நாமோ கதையின் ஒரு பகுதியில் மயங்கிவிட்டோம். பாடல் முடிந்ததும், பாடப்பட்ட உலகை இலூவதார் காட்சியாகக் காட்டுகின்றார். நீரின் மேல் அன்பு கொண்டவர் உல்மோ. மெல்கோர் கடுங்குளிரால் நீரோடு போர் தொடுத்ததை இலூவதார் அவருக்குச் சுட்டுகின்றார்; அதனால் நீரின் அழகு அழியவில்லை, பனித்துகளும் உறைபனியும் பிறந்தன. அடங்காத வெப்பத்தால் தாக்கினான். மேகமும் மழையும் பிறந்தன. தம் உள்ளம் எண்ணியதினும் நீர் அழகாகிவிட்டது என்று உல்மோ மகிழ்கின்றார். தீமையிலிருந்தும் கடவுள் நன்மையை வருவிப்பார் என்று புனித அகுஸ்தீனார் கற்பித்ததும், ஆதாமின் குற்றத்தையும் பேறென வாழ்த்தும் பாஸ்கா புகழுரையும் ஒருங்கே நம் நெஞ்சில் ஒலித்தன.

அந்நாள்களில் நம் பங்கில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலால் ஐந்தே நாளில் இறந்தான். அடக்கத் திருப்பலியில் நாம் இந்தப் பனிக் கதையை மறையுரையாகச் சொன்னோம். அழகாகவே சொன்னோம் என்று நினைவு. எட்டாம் நாள் அவ்வீட்டிற்குச் சென்றபோது, தாய் திண்ணையில் அமர்ந்திருந்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சாமி, பனியைப் பத்திச் சொன்னீங்க. நான் பனியைப் பாத்ததில்ல. எம் புள்ளையத்தான் பாத்தேன்" என்றார்.

நமக்கு விடை வரவில்லை. செபம் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அன்றிரவு நூலை மீண்டும் எடுத்தோம். நாம் படியாமல் தாண்டியவை கண்ணில் பட்டன. பனியைப் பற்றி உல்மோவிடம் பேசியவர் இலூவதார். அருகில் நின்ற மற்றோர் ஐனூர் அல்லர். அடிபட்டவரிடம் அதைச் சொல்ல உரிமை உடையவர் ஒருவரே. மேலும், அக்காட்சி நிறைவுறுமுன் மறைந்துவிடுகின்றது. கடைசிக் காலங்களை அத்தூயவர்களே காணவில்லை. உலகு உண்டாகுக என இலூவதார் மொழிந்து, அழியாத் தழலை அதன் நடுவில் வைத்தபின், ஐனூருள் சிலர் அதனுள் இறங்குகின்றனர். அங்கே அவர்கள் கண்ட அழகு எதுவும் இல்லை; இருளும் உருவற்ற நிலமுமே இருக்கின்றன. பாடியதை இனி உழைத்து உருவாக்க வேண்டும். அவர்கள் மலையை எழுப்ப மெல்கோர் தள்ளுகின்றான். கடலைத் தோண்ட அவன் நீரைச் சிதறடிக்கின்றான். அவர்களோ தளராமல் தொடர்கின்றனர். நாம் முழுக்காட்சியையும் கண்டு முடித்தவர்போல அத்தாயின் முன் நின்று பேசியிருந்தோம்.

ஆசிரியரைப் பற்றியும் எண்ணினோம். தாயையும் நண்பரையும் இழந்த மனிதர், தம் கதையின் மூன்றாம் கருவில் துயரத்தைக் கலந்தார். அத்துயரம் பிறர்மேல் வைத்த விளக்கமன்று, தம்முடையது. நாம் அவருடைய முடிவுரையை மட்டும் இரவல் வாங்கி, அதற்கு அவர் கொடுத்த விலையைக் கொடாமல் வழங்கிவிட்டோம். கற்ற இறையியல் பொய்யன்று. அதை இடமறியாமல் சொன்னதே பிழை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. நாமோ மூன்று நாள்கூடப் பொறுக்கவில்லை.

அதன்பின் அவ்வீட்டிற்குப் பலமுறை சென்றோம். மறையுரை எதுவும் சொல்லவில்லை. சில நாள் அவர் தம் மகனைப் பற்றிப் பேசுவார். சில நாள் பேசமாட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, மந்திரித்த நீர் தெளித்துக்கொண்டு அக்கல்லறையருகே வந்தபோது, அவர் மெழுகுதிரிகளைக் காற்றுக்கு மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "சாமி, அன்னைக்கு ஒரு பாட்டுக் கதை சொன்னீங்கல்ல. அந்தப் பாட்டுல அழுகையும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்தது அம்மா" என்றோம். "கெடுத்தவன் சத்தமாகப் பாடினான். அழுகை கலந்த பாட்டை அவனால் அமிழ்த்த முடியவில்லை."

பனியைப் பற்றி நாம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையிலிருந்த திரிகளுள் ஒன்றை நம்மிடம் நீட்டினார். அவர் காற்றை மறைத்துக்கொள்ள, நாம் அதை ஏற்றி அச்சிறுவனின் தலைமாட்டில் வைத்தோம்.