பேய்ப்படிக்கட்டும் ஒரு பழைய வண்டியும்

பதுளை மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையிலே, கலுபஹன என்னும் சிற்றூரிலிருந்து ஒஹிய புகையிரத நிலையத்தை நோக்கி மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதையொன்று உண்டு. ஒரு வளைவின் தலைக்குமேல் மறு வளைவு, அதன் தலைக்குமேல் இன்னொன்று என அமைந்திருப்பதால், பேயின் படிக்கட்டு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இதற்கு யாரோ சூட்டிவிட்டனர். நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லும் வண்டி வைத்திருப்போர் இலங்கையின் நாலா திசைகளிலிருந்தும் இதனைத் தேடி வருகின்றனர். அங்கே வாழும் தோட்டத்து மக்களோ இதனை 'ரோட்டு' என்று மட்டுமே சொல்கின்றனர்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நாமும் தேடிச் சென்றோம். நாம் சென்ற கதையைச் சொல்வதற்கு முன்னர், எம்மை ஏற்றிச் சென்ற வண்டியின் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

1970 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இங்கிலாந்தில் றேஞ்ச் றோவர் என்னும் வண்டி வெளிவந்தது. அதற்கு முன்னர், சேற்றிலும் கல்லிலும் செல்லத்தக்க வண்டி என்றால் முதுகெலும்பை ஆட்டி வைக்கும் வண்டி என்றே பொருள். லாண்ட் றோவரில் ஒரு நாள் பயணஞ் செய்தவர் மறுநாள் எண்ணெய் தேய்த்து முழுகாமல் எழுந்திருக்க மாட்டார். இப்புதிய வண்டிக்கோ நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் பொருத்தியிருந்தார்கள். காட்டிலும் செல்லும், கலியாண வீட்டு வாசலிலும் நிற்கும். ஆயினும் முதல் வண்டிகளின் உட்புறம் நீரூற்றிக் கழுவத்தக்கதாகவே இருந்தது; கதவுகளும் இரண்டுதான். நாலு கதவு 1981 ஆம் ஆண்டிலேதான் வந்தது. தோல் இருக்கையும் மரவேலைப்பாடும் காலப்போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, உழவனின் வண்டி சீமானின் வண்டியாயிற்று. 1979 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலிருந்து டக்கார் வரை நடைபெற்ற முதலாவது பாலைவனப் பந்தயத்தில் கார்களுள் முதலாவதாக வந்ததும் இதுவே. அப்பழைய வடிவம் 1996 ஆம் ஆண்டுடன் நின்று போயிற்று.

எமது வண்டி 1995 ஆம் ஆண்டு செய்யப்பட்டது. இரண்டரை லீற்றர் டீசல் எஞ்சின் உடையது. புதிதாயிருந்த காலத்தில் எம்மைப் போன்ற ஆசிரியர் குடும்பம் அதன் நிழலிற்கூட நின்றிருக்க முடியாது. எமக்கு அது கிடைத்தது நாட்டின் பஞ்சத்தால் என்றே சொல்லவேண்டும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், சிறிய யப்பானியக் கார்கள் பொன்விலை விற்றன. (அத்தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் நீங்கியது.) ஆனால் 2022 ஆம் ஆண்டிலே டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டு, காரொன்றுக்கு வாரத்தில் 20 லீற்றர் என்று பங்கீடும் வந்தபோது, பெருந்தீனி தின்னும் பழைய சொகுசு வண்டிகளை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. கொழும்பின் புறநகரொன்றில், பலாமரத்தின் கீழ் சருகு மூடிக் கிடந்ததை அவ்வாண்டின் இறுதியில் விலை பேசினோம்.

எம்முடன் வந்த மைத்துனர் கையில் ஒரு காந்தக்கல்லைக் கொண்டுவந்திருந்தார். தகட்டில் காந்தம் ஒட்டாவிடில், அவ்விடத்தில் துருவை மறைக்கப் பசை பூசியிருக்கிறார்கள் என்பது அவருடைய சாத்திரம். கதவிலே வைத்தார், ஒட்டவில்லை. மறு கதவிலும் ஒட்டவில்லை.

"மச்சான், இது வண்டியில்லை. முழுக்கப் பசைதான்" என்று எம் காதோடு சொன்னார்.

அவ்வண்டியின் மேற்றகடுகளிற் பெரும்பாலானவை அலுமினியத்தால் ஆனவை. காந்தம் ஒட்டாதது இயல்பே. ஆனால் உள்ளேயிருக்கும் சட்டகம் உருக்கு. அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைந்து தொடங்கும் என்பதை விஞ்ஞானம் படிக்கும் மாணவர் அறிவர். ஆகையால் துரு வெளியே தெரியாமல் உள்ளே உண்டுகொண்டிருக்கும். பாதவிரிப்பைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். பின்கதவின் மேற்பாதியைத் திறந்து அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தோம். பின்கதவு போய்விட்டது, தரை தப்பியிருந்தது.

இன்னொன்றும் சொல்வோம். பழைய வண்டி பார்க்கச் செல்வோர் முதலில் எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்துப் பார்த்தல் நலம். சூடாயிருந்தால், காலையில் எழுப்பப் பட்ட பாட்டை விற்பவர் மறைக்கிறார் என்று ஐயுறலாம். எங்கள் மூடி குளிர்ந்திருந்தது. மூன்றாம் முறையில் எஞ்சின் எழுந்தது. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினால் உள்ளே வெண்ணெய் போன்ற வெண்களிம்பு இருக்கக்கூடாது. இருந்தால் எண்ணெயுடன் நீர் கலந்திருக்கக் கூடும். அதுவும் இல்லை. காற்றுப்பைகளை முன்னைய உடைமையாளர் கழற்றிவிட்டுச் சுருள்வில் போட்டிருந்தார். குறைந்த பணத்தில் இத்தகைய வண்டியை ஆள விரும்புவோருக்கு அது பெரும் நன்மையே.

இவ்வகை வண்டி மலிவாகக் கிடைப்பதன் காரணத்தை வாங்கிய பின்னரே நன்கு விளங்கிக்கொண்டோம். வண்டியின் விலைதான் பழையதாகிறது. உதிரிப்பாகத்தின் விலை பழையதாவதில்லை. பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவில் நாம் ஏறி இறங்காத படியில்லை. முதலில் மாற்றியது எஞ்சினின் முன்னுள்ள பற்பட்டியை. அது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி எஞ்சினே பாழாகும். எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாத பட்டியை நம்புவது கூடாது. பின்னர் எண்ணெய்கள்: எஞ்சினுக்கு, கியர்ப்பெட்டிக்கு, நான்கு சக்கரங்களுக்கும் வலுவைப் பகிரும் பெட்டிக்கு, முன் அச்சுக்கு, பின் அச்சுக்கு என ஐந்து இடங்களில் ஊற்ற வேண்டும். குளிர்நீர் செல்லும் வழியிலுள்ள பிளாஸ்ரிக் அடைப்பான்கள் வயதேற நொறுங்கும் இயல்பின. அவற்றுக்குப் பதிலாகப் பித்தளை அடைப்பான்கள் போட்டோம். வாங்கிய விலையின் மூன்றிலொரு பங்கு முதலாண்டிலேயே இவ்வாறு கரைந்தது. மனைவியார் கணக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டார், அதன்பின் எழுதவில்லை.

யாழ்ப்பாணத்தில் எமது வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஒருநாள் சொன்னார்: "ஐயா, உந்த றப்பர்க் குழாயள் எல்லாத்தையும் மாத்திப் போடுங்கோ. பாக்க நல்லாத்தான் இருக்கும். முப்பது வருசக் குழாய்."

"அடுத்த மாதம் பார்ப்போம் தம்பி" என்றோம். அந்த மாதப் பணத்தில் கூரைமேல் ஒரு சாமான் தட்டும், அதன் முகப்பில் நான்கு பெரிய விளக்குகளும் வாங்கிப் பூட்டினோம். வண்டி மிக அழகாக இருந்தது.

பயணத்தின் முதல் நாள் ஆனையிறவு கடந்து, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டியை அடைந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 320 கிலோமீற்றர். இரண்டாம் நாள் றம்பொடை வளைவுகளில் ஏறி, நுவரெலியாவில் தேநீர் அருந்தி, வெலிமடை, பண்டாரவளை வழியாக ஹப்புத்தளையிற் தங்கினோம். மலை முகட்டில் அமர்ந்த அச்சிறு பட்டினத்தில் மாலையானதும் மூடுபனி தெற்குப் பள்ளத்திலிருந்து எழுந்து, கடைவீதியூடாகப் புகுந்து, வடக்குப் பக்கம் இறங்கிச் செல்வதைக் காணலாம். மகன் அதனுள் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

மூன்றாம் நாட் காலை பெரகலை வழியாக இறங்கிக் கலுபஹனவிற் திரும்பினோம். சில கிலோமீற்றரில் பம்பரகந்த நீர்வீழ்ச்சி. 263 மீற்றர், இலங்கையில் இதனிலும் உயரமானது இல்லை. மெல்லிய வெள்ளைத் துண்டொன்றைக் கரும்பாறையில் உலரப் போட்டதுபோல் தொங்கிற்று. அதன்பின் பைன் மரங்கள் தொடங்க, பாதை கல்லும் பள்ளமுமாக மாறிற்று. முந்திய இரவு மழை பெய்திருந்தது. தாழ்நிலைக் கியரைப் போட்டோம். ஓர் அச்சின் சக்கரங்கள் வழுக்கினும் மற்றது இழுத்துச் செல்லும். மனிதன் நடக்கும் வேகத்தில், வண்டி ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்ப்பதுபோல் ஏறிற்று. இந்த இன்பத்துக்காகத்தானே இத்தனை பணத்தையும் கொட்டினோம் என்று எண்ணிய வேளையில், முன்புறத்திலிருந்து வெண்புகை எழுந்தது.

றேடியேற்றரின் மேற்குழாய் வெடித்திருந்தது.

நீர் அடைபட்ட கலத்தில் அழுத்தத்துடன் இருக்கும்வரை நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காது. அழுத்தம் போய்விட்டால் கதை வேறு. 1500 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். இவ்வளவும் எமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பதற்றத்தில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு நீர்க்கலத்தின் மூடியைத் திறக்கக் கை நீட்டினோம்.

"ஐயா! தொடாதீங்க! மூஞ்சி வெந்து போயிரும்!"

மேல்வளைவிலிருந்து முதியவர் ஒருவர் வேகமாக இறங்கி வந்தார். தோளில் கம்பளிச் சாக்கு, கையில் கவ்வாத்துக் கத்தி. முன்னொரு காலத்தில் தோட்டத்துரையின் லாண்ட் றோவரைக் கழுவித் துடைக்கும் வேலை பார்த்தவராம். அதற்குமேல் அவரே பொறுப்பாளர், நாம் உதவியாள். முக்கால் மணி நேரம் எம்மை இருத்தி வைத்தார். சூடு ஆறிய பின்னர், வெடிப்பு குழாயின் நுனியில் மட்டும் இருப்பதைக் காட்டினார். தமது கத்தியாலேயே வெடித்த இரண்டு விரற்கடையை அறுத்தெறிந்து, மீதியை இழுத்து மாட்டி, எமது பட்டை இறுகாமற் போகவே, கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறட்டால் முறுக்கினார். மகனும் மைத்துனரும் ஓடையிலிருந்து போத்தல் போத்தலாக நீர் சுமந்தனர். மேலேயுள்ள பித்தளை அடைப்பானைத் திறந்து, காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை மெல்ல ஊற்றினோம்.

"இப்ப மேல ஏறாதீங்க ஐயா. ஏறுனா சூடாகும். எறங்குறதுக்குத் தாங்கும்" என்றார். சற்றுத் தயங்கினார். "எறங்குறதா இருந்தா, ஒரு புள்ளைய ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"

அவர் பேரன். கொய்யா மரத்திலிருந்து விழுந்து முதல்நாள் மாலையே கை முறிந்திருந்தது. முச்சக்கரவண்டிக்காரர் மழைச்சேற்றில் ஏற மறுத்துவிட்டார். தகப்பன் மகனைத் தோளிற் சுமந்து நடந்து இறங்குவதற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் எமது புகையைக் கண்டிருக்கிறார்கள். பையனுக்கு எம் மகனின் வயதே. லயன் வாசலில், பலகைத் துண்டு வைத்துச் சேலைத் துணியாற் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தான். இரவு முழுவதும் அழுது முடித்துவிட்டான் போலும்.

கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளைத் திருத்தியவர்களின் வழித்தோன்றல்கள் இம்மக்கள். அவர்களுடைய முன்னோர் சுமந்து இறக்கிய பாதையில் நாம் விளையாட வந்திருந்தோம். வண்டியின் முகப்பிலிருந்த நான்கு விளக்குகளையும் அத்தகப்பனார் வியப்புடன் பார்த்தபோது, எமக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இறங்கும்போது பிறேக்கை நம்பி இறங்கலாகாது. தொடர்ந்து மிதித்தால் அது சூடேறி, தேவையான கணத்தில் பிடிக்காமற் போகும். தாழ்நிலையில் முதலாம் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். உழைப்பில்லாத எஞ்சின் சூடாவதுமில்லை. அவ்வாறே இறங்கினோம். மனைவியார் பையனின் கைக்குக் கீழே தலையணை கொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் நாம் அவன் முகத்தைக் கண்ணாடியிற் பார்த்தோம். சுருள்வில் இருந்தும் இரண்டிடங்களில் அலறிவிட்டான். மைத்துனர் முன்னே நடந்து கற்களைப் புரட்டிப் போட்டார். பிரதான பாதையை அடையும்வரை எவரும் பேசவில்லை. ஊசி அடிக்கடி மேலே எழுந்து எழுந்து தாழ்ந்தது, கம்பி தாங்கிற்று.

வைத்தியசாலையிலே எலும்பு இரண்டிடத்தில் முறிந்திருப்பதாகச் சொல்லி, பையனைப் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். தகப்பனார் எமது மகனின் தலையைத் தடவி, "பொறகு ஒரு நாளைக்கு மேல வாங்க தம்பி" என்றார். மேலே நின்றுவிட்ட பெரியவருக்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்க முயன்றபோது கம்பித் துண்டின் விலையை எம்மிடம் கேட்டுச் சிரித்தார்.

எமது வண்டிக்குரிய குழாய் பண்டாரவளையிற் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து பேருந்தில் வந்து சேரும்வரை ஹப்புத்தளையில் மேலும் இரண்டு நாள் தங்கினோம். ஊர் திரும்பியதும் எல்லாக் குழாய்களையும் பிறேக் குழாய்களையும் மாற்றினோம். விளக்குகளையும் சாமான் தட்டையும் விற்றதில் அச்செலவின் பெரும்பகுதி வந்துவிட்டது. ஒஹிய நிலையத்தை அப்பாதையால் நாம் இன்னும் கண்டோமில்லை.