சில இடங்களில் மழை பெய்யும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்பது பழந்தமிழ் நூலோர் வகுத்த கணக்கு. அப்பருவம் முற்றி, வாடைக் காற்று முற்றத்து வாழையிலைகளைக் கிழிக்கத் தொடங்கும் வாரத்தில், யாழ்ப்பாணத்து வீடுகளில் வானிலை அறிக்கைக்குத் தனி மதிப்பு வந்துவிடுகின்றது. வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களில் அவ்வப்போது மழை பெய்யும். சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை எதிர்பார்க்கப்படுகின்றது. கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஆண்டுதோறும் நாம் கேட்டுப் பழகிய செய்தி இது. பழகிப்போனமையினாற் போலும், இதனை நகையாடுவதும் நமக்கு வழக்கமாகிவிட்டது. “அந்தச் ‘சில இடங்கள்’ எங்கே இருக்கின்றன?” என்று கேட்டுச் சிரியாதார் நம்மிற் சிலரே.

நாமும் அவ்வாறு சிரித்தவரே. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், இரண்டு நாட்களாகப் பெருமழை வரும் என்று அறிக்கை கூற, வெயிலோ நெருப்பாய் எரித்தது. வகுப்பறையில் நாம், “அறிக்கை மழை என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டு வரலாம், அவ்வளவும் பொய்” என்றோம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். நமக்கும் அது பெருமையாகவே இருந்தது.

அடுத்த வாரம் மீண்டும் ஓர் அறிக்கை வந்தது. கடற்றொழிலாளர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்றது. மறுநாட் காலை, வடமராட்சிக் கரையோரத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் புத்தகத்தைத் திறவாது அமர்ந்திருந்தான். அருகிற் சென்று வினவினோம்.

“சேர், அப்பா இன்னும் கரைக்கு வரேல்லை. போகவேண்டாமெண்டு அம்மா சொன்னவ. அறிக்கையெல்லாம் பொய்யெண்டு எங்கட சேரே சொன்னவரெண்டு நான்தான் சொன்னனான்.”

அன்றைய பாடத்தை நாம் எவ்வாறு நடத்தி முடித்தோம் என்பது இன்றும் நினைவில் இல்லை. மறுநாட் பிற்பகலிற் செய்தி வந்தது. வள்ளத்தின் இயந்திரம் பழுதாகி, நீரோட்டம் தெற்கே இழுத்துச் செல்ல, முல்லைத்தீவுப் பக்கத்தில் அவர் கரையேறியிருந்தார். வலைகள் யாவும் போயின, உயிர் மிஞ்சியது. அவர் வீட்டுக்குச் சென்று தலைகுனிந்து நின்றோம். அவர் தேநீர் தந்து, “கடலுக்குப் போனது என்ர முடிவு சேர், பிள்ளையை ஒண்டும் சொல்லாதேங்கோ” என்றார். நம்மைக் கடிந்திருந்தாற்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின்னரே அந்த அறிக்கையை ஒரு பாடமாக எண்ணிப் படிக்கத் தொடங்கினோம். வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம் நூறு கிலோமீற்றர் விலகிச் சென்றாலும், நமக்கு வரவேண்டிய மழை நாகபட்டினத்துக்குப் போய்விடக் கூடும். தனியொரு மழை முகிலின் அகலமோ சில கிலோமீற்றரே. சுன்னாகத்தில் வெள்ளம் ஓடக் கோப்பாயில் வெயில் எறிக்கலாம். ஆதலின் ‘சில இடங்களில்’ என்பது மழுப்பல் அன்று. அறிந்த அளவுக்குமேற் சொல்லாத நேர்மை. அறிக்கை வாக்குறுதி அன்று, எச்சரிக்கை என்பதை நாம் மறந்திருந்தோம்.

அதிலுள்ள எண்களும் வெறும் எண்கள் அல்ல. 100 மில்லிமீற்றர் மழையென்றால், ஏக்கரிற் பதினாறில் ஒரு பங்காகிய ஒரு பரப்புக் காணியில் ஏறக்குறைய 25,000 லீற்றர் நீர் விழுகின்றது. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத நம் குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லினூடு இறங்கும் இந்நீரே ஆண்டு முழுவதும் கிணறுகளை நிரப்புகின்றது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு அராலியிற் கடலேரியைச் சேருவதும் இவ்வாரங்களிலேயே. கிணற்றை நிரப்பும் மழையே வீட்டை மூழ்கடிப்பதும் உண்டு. மட்டக்களப்பை நிலைகுலைத்த சூறாவளி வந்தது 1978 நவம்பர் 23 அன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின் வெள்ளத்திலும் மண்சரிவுகளிலும் நம் நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டும் கார்த்திகையிலேயே நிகழ்ந்தன.

தும்பி தாழப் பறப்பதையும், எறும்பு முட்டை சுமந்து மேடேறுவதையும் கண்டு நம் தந்தையார் மழை வரவு கூறுவார். அவர் கணக்கும் பலமுறை தவறியதுண்டு; அதற்காக அவரை நாம் பொய்யர் என்று கூறியதில்லை. அந்தப் பொறுமையை அறிக்கைக்குக் காட்டத் தவறியதே நம் பிழை.

இப்போது கார்த்திகை வந்தால், பாடம் தொடங்குமுன் அன்றைய அறிக்கையை வகுப்பில் வாசிக்கின்றோம். மழை வராத நாட்களிற் பிள்ளைகள் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும். நாம் மட்டும் சிரிப்பதில்லை; ஆசிரியன் வகுப்பிற் சொல்லும் சொல் மாலையிற் கடற்கரை வரை சென்றுவிடுகின்றது அன்றோ!