வடிகால் வேலைதான் ரோடு வேலை

திருவாரூர் மாவட்டத்தில் கல் கிடையாது. ரோட்டுக்கு வேண்டிய ஜல்லி புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியில் வர வேண்டும். கிராவல் மண்ணும் மேற்கேயிருந்துதான். எங்களுக்கென்று இருப்பது களிமண். நெல்லுக்கு அதைப்போல ஒரு மண் இல்லை. ரோட்டுக்கு அதைப்போல ஒரு பகையும் இல்லை. சித்திரை வெயிலில் விரல் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசியில் ஊறிக் குழைந்துவிடும். காய்ந்தபோது கடப்பாறை இறங்க மறுத்த அதே மண்ணை நான்கு நாள் ஊறவைத்துச் சோதித்தால், மண்ணின் தாங்கும் வலுவைக் காட்டும் சிபிஆர் மதிப்பு பல இடங்களில் 3-ஐத் தாண்டாது. அந்த மண்ணின் மேல்தான் நெல் லாரியும் பஸ்ஸும் ஓடியாக வேண்டும்.

சாலை ஆய்வாளராக வேலை பார்த்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்: இங்கே ரோடு வண்டியால் கெடுவதைவிடத் தண்ணீரால் கெடுவதே அதிகம். தார் போடுவது நம் வேலை, வாய்க்கால் வெட்டுவது வேறு யாருடைய வேலையோ என்று நினைத்தால் டெல்டாவில் ஒரு ரோடும் நிலைக்காது.

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இவை போக வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெள்ளையாறு. ஒவ்வொன்றிலிருந்தும் பாசன வாய்க்கால்கள். வயலில் பாய்ந்து மிஞ்சியதை வாங்கிக்கொள்ள வடிகால்கள். கிராமத்து ரோட்டில் ஒரு மதகைத் தாண்டிய சற்று நேரத்தில் அடுத்த மதகு வந்துவிடும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12, மூடும் தேதி ஜனவரி 28. இடைப்பட்ட மாதங்களில் இரண்டு பக்க வயலிலும் தண்ணீர் நிற்க, நடுவில் ரோடு ஒரு பெரிய வரப்பாகக் கிடக்கும். அடிமண் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகையால் தார் வேலைக்கு மாசி முதல் வைகாசி வரைதான் நல்ல காலம். அறுவடை முடிந்து, வாய்க்கால் காய்ந்து, மண் இறுகியிருக்கும் அந்த நாட்களைக் கோட்டைவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பெர்ம் வெட்டுவது. பெர்ம் என்பது தாருக்கு வெளியே இருக்கிற மண் ஓரம். புல் முளைத்து, தூசி படிந்து, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாரைவிட உயர்ந்துவிடும். நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் ரோட்டை எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தாலும், மழைநீர் ஓரத்துக்கு வந்து அந்தப் புல்லில் முட்டி நின்றுவிடும். மழை விட்ட மறுநாள் காலையில் ரோட்டை நடந்தே பார்க்க வேண்டும். வெயில் ஏறி எல்லா இடமும் காய்ந்தபின்னும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பாக ஈரம் நிற்கும் இடங்கள் தெரியும். அடுத்த மழையில் ஓரம் உடைவது அங்கேதான். சாலைப் பணியாளர் ஒருவர் மண்வெட்டியால் புல்லைச் செதுக்கி, தார் விளிம்பிலிருந்து பள்ளத்தை நோக்கிச் சாய்வாக ஒரு சின்னக் கால் வெட்டிவிட்டால் போதும். தேங்கிய தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். அதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு இன்றும் குறையவில்லை. ஜல்லியும் தாரும் இல்லாமல், குழி விழுவதற்கு முன்பே அதை அடைத்துவிடுகிற வேலை அது.

அடைமழை பிடித்தால் மதகுதான் ஊர்ப் பிரச்சினை. மேல்வயல்காரருக்குத் தண்ணீர் உடனே வடிய வேண்டும். கீழ்வயல்காரர் தன் பயிர் மூழ்காதிருக்க மண் சாக்கை அடுக்கி மதகை அடைப்பார். இரண்டு பேருடைய கோபத்திலும் நியாயம் உண்டு. இப்படி ஒரு கார்த்திகையில் ஒரு பெரியவர் வந்து, "தம்பி, இந்த எடத்துல ரோட்ட வெட்டி விடுங்க, பயிரு அழுவுது" என்றார்.

"வெட்டினா ராத்திரி ஆம்புலன்ஸ் வராதுங்க ஐயா. மதகு எங்க இருக்குன்னு காட்டுங்க, பாத்துடுவோம்" என்றேன்.

காட்டாமணக்குப் புதருக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவரே காட்டினார். குழாயின் வாயில் வைக்கோல், பிளாஸ்டிக் பை, கிழிந்த உரச்சாக்கு எல்லாம் சேர்ந்து கட்டியாக அடைத்திருந்தன. ஆட்கள் துரட்டி போட்டு இழுத்ததும் கலங்கல் நீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனது. "இதுல தண்ணி போயி ரொம்ப நாளாச்சு தம்பி" என்றார். ரோடு போட்டவர்கள், பேட்ச் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் குழாயின் மேல்தான் நின்றிருப்பார்கள்.

பாலங்களை மழைக்கு முன் ஒருமுறையும் வெள்ளம் வடிந்தபின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கீழே இறங்கிப் பார்ப்பது. தூண்களில் சிக்கும் ஆகாயத்தாமரை நீரைத் தடுத்து, அடியில் மணலை அரிக்க வைக்கும். வெள்ளம் போனபின் மூங்கில் கழியால் தூணைச் சுற்றிக் குத்திப் பார்த்தால் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று கைக்கே தெரியும். பழைய செங்கல் பாலங்களில் அரசங்கன்று இன்னொரு தொல்லை. காக்கை போட்ட விதை, கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைக்கும். மேலே வெட்டிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த ஆடிக்குள் இரண்டு கிளையாக வந்து நிற்கும். காரையைச் சுரண்டி, வேரை முடிந்தவரை உருவி, அந்த இடுக்கைச் சிமெண்ட் கலவையால் உடனே பூச வேண்டும். கன்று விரல் அளவு இருக்கும்போது அரைநாள் வேலை. கை அளவு பருத்துவிட்டால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டும்.

ஆற்றங்கரை ரோடுகளுக்கு, தண்ணீர் வருவதைவிட வற்றுவதுதான் ஆபத்து. ஆறு நிறைய ஓடும்போது நீரே கரையைத் தாங்கிப் பிடிக்கும். தண்ணீர் மளமளவென்று இறங்கினால், ஊறிய கரைக்கு அந்தப் பிடிமானம் போய்விடும். ஆற்றுக்கு இணையாகத் தாரில் ஒரு மெல்லிய வெடிப்பு நீளமாக ஓடினால், கரை நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் தாரை ஊற்றி மூடுவதால் பயனில்லை. கனரக வண்டிகளை நிறுத்தி, சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை அடுக்கி, பிறகு கரையைச் சீராகக் கட்ட வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தபோது, ரோட்டோர மரங்கள் பெர்மையும் வேரோடு பெயர்த்துக்கொண்டு சாய்ந்தன. மரத்தை அறுத்துப் பாதை திறந்ததை எல்லாரும் பார்த்தார்கள். வேர் கிளம்பிய பள்ளங்களை மண் போட்டு இடிக்காமல் விட்ட இடங்களில், தேங்கிய நீர் தாருக்கு அடியில் புகுந்தது.

இதற்கெல்லாம் தினமும் ரோட்டில் நிற்கிற ஆள் வேண்டும். தமிழகம் முழுவதும் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் 2002-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, 2006-இல்தான் திரும்ப எடுக்கப்பட்டார்கள். மண்வெட்டி பிடிக்கிறவர் இல்லாத ரோடு எப்படியாகும் என்பதை அந்த ஆண்டுகளின் பெர்ம்களே காட்டின. இப்போது அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். எந்த ஊரில் எந்த மதகு முதலில் அடைபடும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் விட்டுப்போன பணியிடங்களில் உடனே ஆள் போட வேண்டும். பழையவர் போவதற்கு முன்பே புதியவர் அவரோடு ஒரு மழைக்காலமாவது நடக்க வேண்டும். தார் போடும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் பெர்ம் வெட்டவும் மதகு தூர்வாரவும் தனியாகத் தொகை எழுத வேண்டும். அந்த வேலை புரட்டாசி முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும்.