மேவ் அரசியின் கல்மேடு

அயர்லாந்தின் ஸ்லைகோ ஊரை நெருங்கும்போதே மேற்கில் நாக்நரே தெரிந்துவிடும். 327 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை மலை. அதன் உச்சியில் ஒரு குமிழ் போல மேவ் அரசியின் கல்மேடு. கோனாட் நாட்டை ஆண்ட மேவ், வடக்கே அல்ஸ்டர் பகைவரைப் பார்த்தபடி நின்ற நிலையிலேயே புதைக்கப்பட்டாள் என்பது ஊர்க்கதை. அம்மா அங்கே நர்ஸாக வேலை பார்த்ததால் நான் வளர்ந்தது ஸ்லைகோவில். மெல்போர்னில் குடியேறிப் பல வருடங்கள் கழித்து, இந்தக் கோடையில்தான் மறுபடி போக முடிந்தது.

நான் ஊரைவிட்டுப் போனபோது ஸ்ட்ராண்ட்ஹில் பக்கம் இந்த மரப்படிகள் கிடையாது. சேற்றில் கால் புதைய ஏறுவோம். இப்போது காட்டுக்குள்ளே படிப்படியாகப் பாதை போகிறது. பாட்டிகள் ஏறுகிறார்கள், நாய்கள் ஏறுகின்றன, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அப்பாக்கள் ஏறுகிறார்கள். மழை வந்தால் நனைகிறார்கள், யாரும் திரும்பிப் போவதில்லை.

மேலிருந்து பார்த்தால் வடக்கில் பென்பல்பன் மலை, தெற்கில் ஆக்ஸ் மலைகள், கீழே கடலில் கோனி தீவு. நீர் வற்றும்போது மணலில் நட்ட 14 கல்தூண்களை அடையாளம் வைத்துக்கொண்டு அந்தத் தீவுக்குக் காரிலேயே போய்வருவார்கள்.

கல்மேடு சுமார் 10 மீட்டர் உயரம், 55 மீட்டர் அகலம். ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை. உள்ளே கல்லறைப் பாதை இருக்கலாம் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். ஆனால் இதுவரை யாரும் அதைத் தோண்டவில்லை. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. மலையடியில் இருக்கும் காரோமோரில் கல் வெட்டியும் தோண்டியும் எத்தனையோ கல்லறைகளை அழித்துவிட்டார்கள். மிச்சம் நிற்பவை முப்பது சொச்சம்.

மேட்டின் மீது ஏறினால் கற்கள் சரியும், ஏறாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் தாவி ஏறப் போனான். அவன் பாட்டி குரல் கொடுத்தார்: "இறங்கு கண்ணா, உள்ளே அரசி இருக்கா." அவன் இறங்கிவிட்டான். நான் சிறுமியாக இருந்தபோது இப்படித் தடுத்தவர் ஒருவரும் இல்லை. உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஊர் இப்படி மாறியிருப்பது எனக்கு அத்தனை சந்தோஷம்.

2023இல் ஸ்லைகோவின் கல்லறை நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அயர்லாந்து சேர்த்தது. இறுதிப் பட்டியலிலும் இடம் கிடைத்தால் கூட்டம் இன்னும் பெருகும். வரட்டும், மரப்படிகளில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறட்டும். மேட்டை மட்டும் சுற்றி நடந்து பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.