பீச் ஸ்டேஷன்ல இறங்குங்க... பர்மா போகலாம்!

சாயங்காலம் அஞ்சு மணி. கிளாஸ் முடிஞ்சுதா, கட் அடிச்சீங்களாங்கறது உங்க மனசாட்சி சமாச்சாரம். தாம்பரம் லைன்ல ஏறி, சென்னை பீச் ஸ்டேஷன்ல இறங்கி, பாரிமுனையைப் பார்த்து நடங்க. ராஜாஜி சாலை ஓரமா வரிசை கட்டி நிக்குதே குட்டிக் குட்டிக் கடைகள்... அதான் பர்மா பஜார்!

ஹெட்போன், வாட்ச், சென்ட், சார்ஜர்னு எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் சொல்ற விலையைக் கேட்டு மூஞ்சியை மாத்தாதீங்க. பாதியில ஆரம்பிங்க. வாங்கறதுக்கு முன்னாடி, அங்கேயே மாட்டி ஓட்டிப் பார்த்துடுங்க. ஒரு தடவை நான் பார்க்காம வாங்கின ஹெட்போன்ல இடது காது மட்டும்தான் பாடிச்சு!

பர்ஸ்ல மிச்சம் இருக்கா? அப்போ மேற்கே திரும்பி செகண்ட் லைன் பீச்சுக்கு வாங்க. பூண்டு வறுக்கற வாசனையே வழி காட்டும். அத்தோ கடைங்க!

ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, கடலை மாவு, மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய். கரண்டி கிடையாது, கையாலதான் பிசைவாங்க. பர்மிய மொழியில அந்தப் பேருக்கு அர்த்தமே கலந்து பிசைஞ்சதுங்கறதுதான். மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, கூடவே வாழைத்தண்டு சூப். வயித்தைப் பிளந்து வறுத்த வெங்காயம் திணிச்ச அவிச்ச முட்டையை மிஸ் பண்ணிடாதீங்க. அதே சூப்ல நூடுல்ஸ் மிதந்தா மொய்ங்கா. பர்மாவுல அதை மீன் போட்டுத்தான் கொதிக்க வைப்பாங்க.

முதல் தடவை போனப்போ, "ஆன்ட்டி, ஒரு சைனீஸ் நூடுல்ஸ்"னு கேட்டுட்டேன். பிசைஞ்சிட்டிருந்த கை நின்னுச்சு. "சைனீஸ் இல்ல தம்பி, எங்க ஊரு ரங்கூன்"னாங்க. எனக்குத் திக்னு ஆயிடுச்சு. சுத்தத் தமிழ்ல பேசறவங்களுக்கு ரங்கூன் எப்படி சொந்த ஊராகும்?

ஆகும் பாஸ். 1962-ல பர்மாவுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. அடுத்த ரெண்டு வருஷத்துல கடை கண்ணியெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு. தலைமுறை தலைமுறையா அங்கே இருந்த தமிழர்கள் கப்பல் ஏறினாங்க. பணம், நகைன்னு பெருசா எதையும் கொண்டுவர விடல. அப்படி வந்தவங்க பொழைக்கறதுக்காக 1969-ல உருவானதுதான் இந்த பஜார். சிலர் மனசு கேக்காம, மணிப்பூர் வழியா பர்மாவுக்கே திரும்ப நடந்திருக்காங்க. எல்லையில தடுத்துட்டாங்க. மோரே ஊர்ல இன்னிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கறது அதனாலதான்.

"ரங்கூனுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தீங்களா ஆன்ட்டி?"

"கைக்குழந்தையா வந்தேன். எங்க வீடு எந்தத் தெருன்னு சொல்ல இப்போ ஆளில்ல. அம்மா கை ருசி மட்டும் வந்துடுச்சு"ன்னு சொல்லிட்டு, கேக்காமலே என் தட்டுல இன்னொரு கரண்டி சூப் ஊத்தினாங்க.

அடுத்த வாரம் நாலு ஃப்ரெண்ட்ஸோட போனேன். "அஞ்சு அத்தோ ஆன்ட்டி!"ன்னு சரியாக் கேட்டேன்.