பகலில் உறங்குவோர்

ஒளியும் ஒரு மருந்து என்றால் நம்மவர் நகைக்கக்கூடும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அம்மருந்தை யார் தேடுவர்? ஆனால் குளிர்காலத்தில் பகல் மிகச் சுருங்கிவிடும் வடதிசை நாடுகளில், அப்பருவந்தோறும் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றிக்கொள்கிறது. அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவர்தம் குழுவினரும் 1984-ல் இந்நோயை விளக்கினர். நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிதரும் விளக்கின் முன் அமர்வது அதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று. வெயில் ஏறிய வேளையில் நம் வெட்டவெளியின் ஒளி அவ்விளக்கையும் மிஞ்சும்.

எனினும் அவ்வொளியாலேயே துன்புறுவோர் நம்மிடையே உளர். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை, இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனிப் பேருந்தின் சன்னலோரம் தலைசாய்த்து வரும் இளைஞரையும் இளம்பெண்களையும் நாம் அன்றாடம் காண்கிறோம். கண்ணிற்பட்ட காலை வெயில், ‘விடிந்துவிட்டது, விழித்திரு’ என்று மூளைக்கு ஆணையிடுகிறது. பிறகு உறக்கம் எங்ஙனம் வரும்?

உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. இருள் நீங்காத குகையில் வாழும் வௌவால்களிடமும் அது ஓடுவதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் மாணவரும் ஆராய்ந்தனர். அதனைத் திருத்தி வைப்பது ஒளியே. இரவுப் பணியின்போது மிகுந்த ஒளியும் பகலில் உறங்கக் கும்மிருட்டும் கிடைத்தால், சில நாட்களில் கடிகாரம் இணங்கிவிடும் என்று ஹார்வர்டு ஆய்வாளர் 1990-ல் காட்டினர். வாரந்தோறும் ஷிப்ட் மாறுவோருக்கோ, அது இணங்குமுன்னரே முறை மாறிவிடுகிறது!

ஆதலால் வீட்டார் செய்யத்தக்கது பெரிது. பகல் தூக்கத்தைப் பழித்தே வளர்ந்தவர்கள் நாம். பத்து மணிக்கு மகனைத் தட்டியெழுப்பி ரேஷன் கடைக்கு அனுப்புவதும், அவன் சினந்தால் ‘சோம்பேறி’ என்பதும் எத்தனை இல்லங்களில் நிகழ்கின்றன! மருமகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. இரவெல்லாம் நின்று உழைத்து வந்தவள் நேரே அடுப்படிக்குச் செல்கிறாள். சமையலை அன்று வேறொருவர் ஏற்கட்டும். சன்னலுக்குக் கனத்த திரை, அணைத்து வைத்த தொலைக்காட்சி, பேருந்தில் வரும்போது அணியக் கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றுக்குச் செலவும் அதிகமில்லை. விடுதி அறையில் ஆளுக்கொரு ஷிப்டாகத் தங்குவோர், ஒருவர் உறங்கும்போது மற்றவர் விளக்கேற்றாதிருக்க உடன்பட வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேலும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் நீங்காவிடில் மருத்துவரை நாடுக. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கண்நோய் உள்ளோரும், மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் உள்ளோரும் மருத்துவரைக் கேளாது ஒளி விளக்கைப் பயன்படுத்தலாகாது.